கருவாட்டுக்கு அடியில் ஒரு கொத்து

ஹட்டன் டவுனில் கொத்து ரொட்டி வாங்குவது பெரிய வேலை இல்லை. கடைக்குப் போய் நின்றால் கொத்திக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பார்சலைச் சூடு ஆறாமலும் அளவு குறையாமலும் எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது இருக்கிறதே, அதுதான் வேலை. நான் பதினெட்டு வருஷமாகத் தோட்டத்தில் மருந்து அடிக்கிறேன். முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறவன். அந்தச் சுமை எனக்குச் சுமையாகத் தெரிந்ததில்லை. ஒரு கொத்துப் பார்சல் என்னைப் படுத்திய பாட்டை இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளே, இதைப் படித்த பிறகாவது அப்பாமார்களிடம் ஒன்றைக் கேட்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

என் மகளுக்கு அப்போது பத்து வயது. தேயிலை மலையில் தண்ணீர் வடிவதற்காக வெட்டியிருக்கிற கான் ஒன்றைத் தாண்டப் போய் விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். "தாண்டாதே, சுற்றிப் போ" என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். டிக்கோயா ஆஸ்பத்திரியில் முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். வீட்டுக்கு வருகிற வழியில் ஹட்டனில் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். நாங்கள் உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிரே ஒரு சின்னக் கொத்துக் கடை. மூன்று மேசை, ஒரு அடுப்பு, அதன்மேல் கறுத்துப்போன பெரிய இரும்புத் தகடு. கொத்துப் போடுகிறவர் இரண்டு கையிலும் கத்தியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தகட்டில் தாளம் போட்டார். லீக்ஸும் முட்டையும் வதங்குகிற வாசம் ரோட்டைத் தாண்டி வந்தது.

அழுதுகொண்டிருந்த பிள்ளை அழுகையை நிறுத்தினாள்.

"அப்பா, எனக்கு அந்தக் கொத்து வேணும்."

"பஸ் வந்துருச்சும்மா. ஞாயித்துக்கெழம வாங்கியாறேன்."

"அந்தக் கடையிலதான் வாங்கணும். முட்டைக் கொத்து. சத்தியமா?"

"சத்தியமா."

இதுதான் நான் செய்த தவறு. கொட்டகலையில் கொத்துக் கடை இல்லையா? இருக்கிறது. அங்கே வாங்கினால் வீட்டுக்குப் பாதித் தூரம் குறையும். சொல்லிப் பார்த்தேன். "அது வேற கொத்து" என்றாள். அவள் அதுவரைக்கும் அந்தக் கடைக் கொத்தைச் சாப்பிட்டதே இல்லை. சாப்பிடாத கொத்து எப்படி வேறு கொத்து ஆகும்? அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது.

எங்கள் லயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். டவுனில் இருக்கிற பிள்ளைகளுக்கு அது தெரியாமல் இருக்கலாம். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு காம்பராக்கள் வரிசையாக இருக்கும். ஒரு காம்பரா ஒரு குடும்பம். நடுவில் சுவர் உண்டு, ஆனால் அந்தச் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே இடைவெளி. முதல் வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டிலிருந்து "நூறு வயசு" என்று சத்தம் வரும். ஒரு வீட்டில் கோழி சமைத்தால் பன்னிரண்டு வீட்டுக்கும் தெரிந்துவிடும். அதனால் எங்கள் பக்கம் ஒரு பழக்கம். கடைச் சாப்பாடு ஆசையாக இருந்தால் கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்துவிடவேண்டும். பார்சல் கட்டி லயத்துக்குக் கொண்டுவந்தால் பார்க்கிற பிள்ளைகளுக்கெல்லாம் கொடுக்கவேண்டும். கொடுக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறவன் என்று பெயர் எடுத்துவிட்டால் அந்தப் பெயர் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் போகும். லயத்துக்கே வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நான் என்ன தோட்டத்துத் தொரையா?

எங்கள் வீடு பன்னிரண்டாவது. பாதை முதல் வீட்டுப் பக்கம் வந்து சேரும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு இந்த யோசனையெல்லாம் வரவில்லை. நல்ல பிள்ளையாகப் பார்சலைக் கையில் தூக்கிக்கொண்டு இஸ்தோப்பு ஓரமாக, அதாவது வீடுகளின் முன்பக்கம் ஓடுகிற அந்த நீளத் தாழ்வாரத்தின் ஓரமாக, நடந்து வந்தேன். முதல் வீட்டுப் பெரியம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னா தம்பி, கமகமன்னு வருது? கொத்தா?"

"ஆமாங்க பெரியம்மா. புள்ளைக்கு."

"பாவம், அதுக்குக் கொண்டு போய்க் குடு. எங்களுக்கு என்னத்துக்கு" என்று சொல்லிக்கொண்டே தன் பேத்தியைக் கூப்பிட்டார். பேத்தி கையில் ஒரு பீரிசோடு, அதாவது சின்னத் தட்டோடு, வந்து நின்றாள். நான் என்ன செய்ய முடியும்? பார்சலைப் பிரித்தேன். பிரித்தது தெரிந்ததும் மூன்றாம் வீட்டுப் பையன்கள் இரண்டு பேர், ஐந்தாம் வீட்டு இரட்டைப் பிள்ளைகள், அப்புறம் யார் வீட்டுப் பிள்ளை என்றே எனக்குத் தெரியாத ஒரு பிள்ளை. நான் வீடு வந்து சேர்ந்தபோது பார்சலில் மிஞ்சியிருந்ததை மகள் விரலால் கிளறிப் பார்த்தாள்.

"அப்பா, இதுல லீக்ஸ் மட்டுந்தான் இருக்கு."

"கொஞ்சம் ரொட்டியும் இருக்கும் பாரும்மா."

"எங்க?"

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு நின்னுதான் வரணுமா?"

"பின்ன, ஆகாசத்துல பறந்தா வர்றது?"

மகள் சோற்றையும் சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் முதல் வேலையாக, "அடுத்த ஞாயிறு, முழுப் பார்சலும்" என்றாள். வாத்தியார் வீட்டுப்பாடம் கொடுப்பதுபோல.

அடுத்த ஞாயிறு விடாத மழை. ரோட்டில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. அதற்கும் குற்றவாளி நான்தான். "வேற அப்பாவா இருந்தா நடந்தாவது போயிருப்பாங்க" என்று தன் தம்பியிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். கட்டுப் பிரிக்க இன்னும் நாலு வாரத்துக்கு மேல் இருந்தது. அதுவரை அந்தப் பிள்ளை படுக்கையும் ஜன்னலுமாகக் கிடக்கவேண்டும். பள்ளிக்கூடம் இல்லை, விளையாட்டு இல்லை. கேட்டது ஒரே ஒரு சாப்பாடு. அதையும் என்னால் முழுசாகக் கொடுக்க முடியவில்லை என்பது எனக்கே ஆத்திரமாக இருந்தது. மூன்றாவது ஞாயிறு என்ன ஆனாலும் சரி, ஒரு வாய் குறையாமல் அவள் கையில் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

அன்றைக்குக் கடையில் சரியான கூட்டம். ஞாயிற்றுக்கிழமை சுற்றுப்பட்டுத் தோட்டமெல்லாம் ஹட்டனில்தான் இருக்கும். மேசையில் உட்கார இடமில்லை. கொத்துப் போடுகிறவரிடம் சொன்னேன்.

"அண்ணே, ஒரு முட்டைக் கொத்து. பார்சல். சின்னப் புள்ளைக்கு, உறைப்பு கொறைச்சுப் போடுங்க."

"போடுவோம் போடுவோம். நில்லுங்க."

நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். கேட்டால், "அவங்க பஸ் போகுதாம்ங்க" என்றார். எனக்கு மட்டும் என்ன, சொந்தக் காரா நிற்கிறது? ஒருவழியாக என் ரொட்டியைத் தகட்டில் போட்டு இரண்டு கொத்துக் கொத்தியவர், கைத்தொலைபேசி அடித்ததும் கத்தியை வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். மச்சினன் வீட்டு விசேஷமாம். சட்டை எடுப்பதா வேட்டி எடுப்பதா என்று பேச்சு. ரொட்டி அந்தப் பக்கம் கருகுகிறது.

"அண்ணே, ரொட்டி!"

"இருங்க, பேசுறேன்ல."

இந்த நேரம் பார்த்து உள்மேசையிலிருந்து ஒரு குரல். எங்கள் தோட்டத்துப் பழைய கங்காணி. வேலையிலிருந்து நின்று பல வருஷம் ஆகியும் எல்லோரையும் வேலை வாங்குகிற குரல் மட்டும் நிற்கவில்லை.

"டேய், இங்க வா. உக்காரு. சாப்புடு."

இதுவும் எங்கள் பக்கத்துப் பழக்கம். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர் தெரிந்தவரைப் பார்த்தால் கூப்பிடவேண்டும். கூப்பிடப்பட்டவர் வேண்டாம் என்று சொல்லவேண்டும். இரண்டு பேருக்கும் இது தெரியும். இருந்தாலும் மூன்று தடவையாவது நடக்கவேண்டும்.

"இல்லைங்க, இப்பதான் சாப்புட்டேன்."

"எங்க சாப்புட்ட? மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலியே. ஒரு பிளேன்டீயாவது குடி."

"வேணாங்க."

"ரோஸ் பாணாவது தின்னு."

"வேணாங்க, வயிறு சரியில்ல."

"வயிறு சரியில்லாதவனுக்குக் கொத்துக் கடையில என்னா வேல?" என்று அவர் கேட்டதும் மூன்று மேசையும் சிரித்தது. எனக்கு உண்மையைச் சொல்லப் பயம். அவர் எட்டாவது வீடு. அவருக்குத் தெரிந்தால் மைக் வைத்துச் சொன்ன மாதிரி. "சும்மா ரெண்டு ரொட்டி கட்டுறேங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, கொத்துப் போடுகிறவர் அங்கிருந்து சத்தம் போட்டார். "யாரு, முட்டைக் கொத்து பார்சல்?"

கங்காணி என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

பார்சலை வாங்கிக்கொண்டு வெளியே வந்து நின்று யோசித்தேன். பஸ்ஸில் ஒரு மணி நேரம், மேட்டில் இருபது நிமிஷம், அப்புறம் லயம். வாசத்தை எப்படி மறைப்பது? அப்போதுதான் கருவாட்டுக் கடை கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கருவாடு வாங்கிக்கொண்டுதான் திரும்புவார்கள். கருவாட்டுப் பையோடு வருகிறவனை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. கேட்டாலும் ஒரு துண்டு கொடு என்று எந்தப் பிள்ளையும் பீரிசை நீட்டாது. அந்த வாசத்துக்கு முன்னால் கொத்து வாசம் என்ன செய்யும்? பெரிய கண்டுபிடிப்பு மாதிரி இருந்தது. நல்ல கட்டாக் கருவாடாகப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். பையின் அடியில் கொத்து, மேலே கருவாடு.

பஸ்ஸில் ஏறியதும் என் திட்டம் பலித்தது. அளவுக்கு மீறிப் பலித்தது. பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணே, அந்தப் பைய கொஞ்சம் கீழ வைங்க."

கீழே வைத்தால் யாராவது மிதித்துவிடுவார்கள். மடியிலேயே வைத்துக்கொண்டேன். கொத்துச் சூடு தொடையில் இறங்கியது. அந்தச் சூட்டில் கருவாடு இன்னும் நன்றாக விழித்துக்கொண்டது. "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று எல்லோரையும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்த சிங்களக் கண்டக்டர் என்னிடம் வந்ததும் மூக்கைச் சுருக்கி, "ஐயே, நீங்க மட்டும் பின்னால போங்க" என்று அழகான தமிழில் சொன்னார். பின்னால் போய் நின்றேன். அங்கே நின்றவர்கள் முன்னால் போனார்கள். ஆனால் ஒருவர்கூட, என்ன வாங்கினீர்கள் என்று கேட்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி வழக்கமான பாதையில் போகாமல் பின்பக்க மலையில் ஏறினேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே போனால் எங்கள் வீட்டின் பின்கதவுக்கே போய்விடலாம். தூரம் கூட. தூறல் வேறு. பையைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டேன். காலில் அட்டை ஏறியது தெரிந்தும் குனிந்து எடுக்கவில்லை. கொத்துச் சூடு ஆறிவிடக் கூடாதே. மகள் விழுந்த அதே கானையும் தாண்டினேன். நான் விழவில்லை.

பின்கதவைத் தள்ளிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தபோது மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

"கருவாடா? கருவாட்டுக்கா இவ்வளவு நேரம்? புள்ள காலையிலேருந்து காத்துக்கிட்டிருக்கு."

"சத்தம் போடாத. அடியில கொத்து இருக்கு. ஒருத்தரும் பாக்கல. முன்கதவச் சாத்து."

அவள் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தாள். "முன்கதவச் சாத்தவா? நீங்களே போய்ச் சாத்துங்க."

முன்பக்கம் போனேன். இஸ்தோப்பில் பெஞ்சுப் பலகையைப் போட்டு மகளைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். கட்டுப் போட்ட கால் ஒரு முக்காலியின்மேல். அவளுக்கு முன்னால் பாய். பாயில் லயத்துப் பிள்ளைகள், ஒன்று இரண்டு இல்லை, பதினொரு பேர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பீரிசு. சிலர் கரண்டியும் கொண்டுவந்திருந்தார்கள்.

"அந்தா, அப்பா வந்துட்டாரு!" என்று என் மகனே கத்தினான்.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. பஸ்ஸில் பட்ட அவமானம், அட்டைக்கடி, கங்காணியிடம் சொன்ன பொய் எல்லாம் சேர்ந்து வந்தது.

"யாரு சொன்னா இவங்களுக்கெல்லாம்?"

"நாந்தான்" என்றாள் மகள். "திங்கக்கெழமயே சொல்லிட்டேன்."

"ஏம்மா, நான் உனக்காக ஒளிச்சு ஒளிச்சுக் கொண்டாறேன், நீ ஊரையே கூப்புட்டு வச்சிருக்கியா? போன தடவ எல்லாருக்கும் குடுத்துட்டேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டவ நீதானே?"

"நீங்க குடுத்தீங்க. நான் குடுக்கல." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "நான் படுத்துருக்கேன்னு இவ தெனமும் கொய்யாக்கா கொண்டாந்து தர்றா. அவன் பள்ளிக்கூடக் கொப்பி எழுதிக் குடுக்குறான். இவங்க ரெண்டு பேரும் அவங்க வீட்டுக் கொழுக்கட்டைய எனக்குத்தான் மொதல்ல குடுத்தாங்க. நான் ஒருத்தருக்கும் ஒன்னும் குடுக்கல. என் கையால குடுக்கணும்னுதான் முழுப் பார்சல் கேட்டேன்."

இதை அந்த முதல் ஞாயிறே சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் ராஜா மாதிரி முன்பாதையில் வந்திருப்பேன். கருவாட்டுக்கு வேலையே இருந்திருக்காது. அதைக் கேட்டேன். "நீங்க கேக்கலியே" என்றாள்.

பார்சலை அவள் மடியில் வைத்தேன். பிரித்தாள். இன்னும் ஆவி வந்தது. அந்த ஆவியோடு ஒரு கருவாட்டுக் கடையே எழுந்து வந்தது. பத்திரிகைத் தாள் நனைந்து கிழிந்து, ஒரு துண்டு கருவாடு பார்சலின் மடிப்புக்குள்ளேயே நுழைந்திருந்தது. பாயில் இருந்த பதினொரு மூக்கும் ஒரே நேரத்தில் சுருங்கின.

"அக்கா, இது என்னா கொத்து?" என்று முதல் வீட்டுப் பேத்தி கேட்டாள்.

மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். பிள்ளை எல்லோருக்கும் முன்னால் தோற்றுப்போகப் போகிறாள், அதற்குக் காரணம் நான் என்று நினைத்தேன். வாய் திறப்பதற்குள் அவள் பீரிசுப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"கருவாட்டுக் கொத்து. ஹட்டன்ல இப்ப இதுதான் புதுசு. எல்லாருக்கும் கெடைக்காது. பீரிச நீட்டு."

நீட்டினாள். மற்றவர்களும் நீட்டினார்கள். மகள் ஒரு தேக்கரண்டியை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் முட்டை எவ்வளவு, ரொட்டி எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துப் போட்டாள். கொய்யாக்காய்க்காரிக்கு ஒரு கரண்டி கூட. மனைவி உள்ளேயிருந்து காலையில் சுட்ட கோதுமை ரொட்டி இரண்டைப் பிய்த்துக் கொண்டுவந்து பார்சலில் கலந்துவிட்டுப் போனாள். அவளும் இதற்கு உடந்தை. பிள்ளைகள் முதல் வாயைப் பயத்தோடு வைத்தார்கள். அப்புறம் பீரிசு காலியாகும் வரைக்கும் யாரும் நிமிரவில்லை. கடைசியில் தாளில் ஒட்டிக்கொண்டிருந்ததை வழித்து மகள் வாயில் போட்டுக்கொண்டாள். இரண்டு வாய் இருக்கும். அதை மெதுவாக, கண்ணை மூடி மென்றாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

"நல்லாருக்குப்பா" என்றாள்.

அப்போது எட்டாவது வீட்டுக் கங்காணி அடுத்த பஸ்ஸில் வந்து, இஸ்தோப்பு வழியாக நடந்துவந்து நின்றார். பாயையும் பீரிசுகளையும் என்னையும் பார்த்தார்.

"வயிறு இப்ப எப்படி இருக்கு?"

நான் குனிந்து காலில் இருந்த அட்டையைத் தேடினேன். மகள்தான் பதில் சொன்னாள். "தாத்தா, முடிஞ்சு போச்சு. அடுத்த ஞாயிறு வாங்க. அப்பா பெரிய பார்சலாக் கொண்டாருவாங்க." பிறகு பாயைப் பார்த்து, "நீங்களும்தான்" என்றாள்.

பதினொரு பேரும் சரி என்றார்கள். நான் இன்னும் ஈரச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.